இலைக்கோழி நிற்க ஓர் இலை

மே 28

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மண்டப அலங்காரக் கடையில் பிளாஸ்டிக் தாமரை இலை டஜன் கணக்கில் கிடைக்கிறது. பாடம் செய்த பறவைக்குக் கீழே அதை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. வருகிறவர்கள் பறவையைத்தான் பார்க்கப் போகிறார்கள். இலைக்கு ஏன் இத்தனை மாதம்?"

ஆகாது. நானே முதலில் அதைத்தான் செய்தேன். டெல்டாவில் ஒரு கல்லூரியின் விலங்கியல் காட்சியறையில், பாடம் செய்த (செத்தபின் தோலைப் பதப்படுத்தி உயிரோடிருப்பதுபோல் நிறுத்திய) பறவைகள் இருக்கும் பழைய கண்ணாடிப் பெட்டிகளைச் சீர்செய்யும் வேலை எட்டு வருடமாக என்னிடம் இருக்கிறது. முதல் பெட்டியில் ஒரு நீளவால் இலைக்கோழி, குளத்தில் மிதக்கும் இலைகளின் மேல் நடக்கும் பறவை. அட்டையில் "ஆகஸ்ட் 1958" என்று இருந்தது. பறவை நன்றாகவே இருந்தது. காலடியில் இருந்த காகித இலைகள்தான் தொட்டால் உதிர்ந்தன. ஆறு பிளாஸ்டிக் தாமரை இலை வாங்கி, கம்பித் தண்டில் நிமிர்த்தி, பறவையை அதன் மேல் நிறுத்தினேன்.

மகளைச் சேர்க்க வந்த ஒரு விவசாயி பெட்டி முன்னால் வெகு நேரம் நின்றார். "இந்தக் கோழி எதுக்குங்க தாமரை எலையில நிக்குது? கால வச்சா சாஞ்சிடுமே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கோழியும் பொம்மைதானா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. அறுபது வருடத்துக்கு மேல் பத்திரமாக இருந்த இறகு, அலகு, நகம் எல்லாம் அவர் கண்ணில் பொம்மையாகிவிட்டது. நான் வைத்த இலையால் வந்த வினை. அன்று சாயங்காலமே ஆறு இலையையும் பிடுங்கிவிட்டேன்.

மே 28, இரவு

கடை இலையில் என்ன தப்பு என்று சுருக்கமாக. தாமரை இலை முழு வட்டம், தண்டு நடுவில் வந்து சேரும். அல்லி இலையில் விளிம்பிலிருந்து தண்டு வரை ஒரு பிளவு இருக்கும். வெள்ளை அல்லிக்கு விளிம்பு பல் பல்லாக இருக்கும், அடிப்பக்கம் கருஞ்சிவப்பு ஓடி மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும். தாமரைத் தண்டில் சிறு முட்கள் உண்டு. கடையில் விற்பது தாமரையைப் போல வட்டமாக, அல்லியைப் போலப் பளபளப்பாக, இரண்டுமில்லாத ஒன்று. அசல் தாமரை இலையில் பளபளப்பே கிடையாது. மேலே ஒரு சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், அதனால்தான் தண்ணீர் ஒட்டாமல் முத்தாக உருள்கிறது.

ஜூன் 3

ஒரு திருத்தம். தாமரை இலையில் கால் வைத்தால் சாய்ந்துவிடும் என்று விவசாயி சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். திருவாரூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர், தாமரைக் குளத்தில் இலைக்கோழி நடப்பதைத் தான் பலமுறை பார்த்திருப்பதாகச் சொல்கிறார். அவர் சொல்வது சரி. தாமரை முதலில் விடும் இலைகள் தண்ணீரில் படிந்துதான் மிதக்கும். பிறகு வருபவைதான் தண்டோடு நிமிர்ந்து குடை பிடிக்கும். இலைக்கோழி மிதக்கும் இலையில் தாராளமாக நடக்கும். ஆக, என் தவறு தாமரையை வைத்ததில் இல்லை. நிமிர்ந்த தாமரையின் உச்சியில் பறவையை ஏற்றியதில் இருக்கிறது. விவசாயியின் கண் சரியாகவே பார்த்திருக்கிறது.

இருந்தாலும் நான் அல்லிக்கு மாறிவிட்டேன். எங்கள் ஊர்க் குளத்தில் அந்தக் கோழியை நான் பார்த்ததெல்லாம் அல்லியின் மேல்தான்.

ஜூன் 6

"அசல் இலையிலிருந்து அச்சு எப்படி எடுப்பது?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

விடியற்காலையில் குளத்துக்குப் போங்கள். குளம் குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் போன்ற சரணாலயங்களுக்குள் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது. பறித்த இலையை வாளித் தண்ணீரிலேயே கொண்டு வாருங்கள். வெயிலில் பத்து நிமிடம் கிடந்தால் விளிம்பு சுருண்டுவிடும், அப்புறம் அது அல்லி இலையாக இருக்காது.

ஈரக் களிமண்ணை ஒரு பலகையில் பரப்பி, இலை தண்ணீரில் எப்படிக் கிடந்ததோ அதே மேடு பள்ளத்தோடு அதன் மேல் படுக்க வையுங்கள். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்களின் இலை எல்லாம் தட்டு மாதிரி வரும். பிறகு பிளாஸ்டரைத் தயிர்ப் பதத்தில் கரைத்து, முதல் பூச்சை மெல்லிய தூரிகையால் தடவி, குமிழி இல்லையென்று பார்த்துக்கொண்டு மேலே ஊற்றுங்கள். இறுகியதும் திருப்பிப் போட்டு, களிமண்ணை எடுத்துவிட்டு, ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் பூசி, அடிப்பக்கத்துக்கும் ஊற்றுங்கள். இரண்டு பாதியும் கிடைத்துவிடும். நரம்பு அடிப்பக்கத்தில்தான் புடைத்திருக்கும் என்பதால் இரண்டாவது பாதியை விட்டுவிடக் கூடாது.

பல் மருத்துவர்கள் அளவெடுக்கும் ஆல்ஜினேட் மாவும் நல்லதுதான், சில நிமிடங்களில் இறுகிவிடும். ஆனால் காயக் காயச் சுருங்கும். அன்றைக்கே அதில் வார்த்துவிட வேண்டும். சிலிக்கோன் ரப்பர் இருந்தால் அதுவே மேல். விலைதான் கையைக் கடிக்கும்.

ஜூன் 7

அச்சில் இலை வார்க்க மெழுகு வேண்டாம். நம் ஊருக்கு ஆகாது.

ஜூன் 8

நேற்று ஒரே வரியில் முடித்துவிட்டேன், காரணம் கேட்கிறார்கள்.

பழைய முறை என்னவென்றால், மெல்லிய பஞ்சுப் படலத்தை உருக்கிய மெழுகில் தோய்த்து, ஈரப்படுத்திய பிளாஸ்டர் அச்சின் இரு பாதிக்கும் நடுவே வைத்து அழுத்துவது. அச்சு ஈரமாக இருப்பதால் மெழுகு ஒட்டாது. இங்கிலாந்தில் மின்டார்ன் குடும்பத்தார் 1880களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் பறவைக் காட்சிகளுக்குச் செய்து கொடுத்த இலைகளும் மெழுகு வேலைதான். வெளிச்சம் ஊடுருவுவதில் மெழுகுக்கு ஈடு எதுவும் இல்லை. உயிருள்ள இலைக்குள் வெளிச்சம் நுழைந்து ஒரு பச்சை தெரியுமே, அது அதில் வரும்.

நானும் அப்படி ஒன்பது அல்லி இலை செய்தேன். சாதாரண மெழுகுவர்த்தி மெழுகு. பெட்டி மேற்கு ஜன்னலோரம் இருந்தது. தஞ்சாவூரில் மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம். மூடிய கண்ணாடிக்குள் விளக்கும் எரிந்தால் இன்னும் கூடும். கோடை விடுமுறை முடிந்து கதவைத் திறந்தபோது ஒன்பது இலையும் அடியில் இருந்த கூழாங்கல்லின் வடிவத்துக்குப் படிந்துபோய்க் கிடந்தன. மூன்று மாத வேலை.

ஜூன் 9

இதையெல்லாம் யார் தொடங்கியது என்று ஒருவர் கேட்கிறார். முழுமையான வாழிடக் காட்சி என்றால் அமெரிக்காவில் மில்வாக்கி அருங்காட்சியகத்துக்கு கார்ல் ஏக்லி 1890இல் செய்த கஸ்தூரி எலிக் காட்சியைத்தான் முதலில் சொல்வார்கள். அதுவும் ஒரு குளக்கரைதான்! இன்னும் அங்கே இருக்கிறது. பிறகு சிகாகோவில் ஒரே மான் இனத்தை நான்கு பருவத்திலும் காட்டும் நான்கு பெட்டிகளை அவர் செய்தபோது, மனைவி டீலியாவும் சேர்ந்து ஆயிரக்கணக்கான மெழுகு இலைகளைக் கையால் வார்த்தார். ஒவ்வொரு பருவத்துக்கும் இலை வேறு. மானைவிட இலைக்கே அதிக நாள் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஹார்வர்டில் இருக்கும் பிளாஷ்கா தகப்பன், மகன் செய்த கண்ணாடிச் செடிகள் இன்னொரு உலகம். 1887இலிருந்து 1936 வரை செய்திருக்கிறார்கள்.

மில்வாக்கி நம் ஊர் மாதிரி கொதிக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஜூன் 21

ஜூன் 7இல் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

வேறு வேலையாக சுவாமிமலை போயிருந்தேன். சிலை வார்க்கும் பட்டறையில் ஒரு பெரியவர் மெழுகில் அம்மன் கை விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே வெயில் கொளுத்துகிறது, அந்த விரல் துளிகூட வளையவில்லை. என்ன மெழுகு என்று கேட்டேன். தேன்மெழுகு, குங்கிலியம் என்ற மரப்பிசின், கொஞ்சம் கடலை எண்ணெய். குங்கிலியம் விறைப்புக்கு, எண்ணெய் இளக்கத்துக்கு. "வெயிலுக்குத் தகுந்த மாதிரி கூட்டிக் குறைச்சுக்குவோம்" என்றார்.

எத்தனை முறை அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறேன்! நூற்றாண்டுகளாக இதே வெயிலில் மெழுகு வேலை செய்கிறவர்கள் பக்கத்து ஊரில் இருக்கும்போது, வெளிநாட்டு முறையை வாசித்துவிட்டு "நம் ஊருக்கு ஆகாது" என்று தீர்ப்பு எழுதியிருக்கிறேன். ஆகாதது மெழுகுவர்த்தி மெழுகுதான்.

அவர் இன்னொன்றும் காட்டினார். மெழுகு உருவத்தின் மேல் முதல் பூச்சாகக் காவிரி வண்டலைத்தான் பூசுகிறார்கள். கைரேகைகூடப் பதியும் அளவுக்கு நயமான மண். ஒரு டப்பா வாங்கி வந்திருக்கிறேன்.

ஜூலை 12

பரிசோதனை. தேன்மெழுகு மூன்று பங்கு, குங்கிலியம் ஒரு பங்கு, எண்ணெய் இல்லாமல். குங்கிலியத்தைப் பொடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் மெழுகோடு சேர்த்து மெல்ல இளக்கி, மல் துணியில் வடிகட்டினேன். நேரடித் தீயில் வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும்.

முதல் இலை விறைப்பாக இருந்தது. இரண்டாம் நாள் விளிம்பில் விரல் பட்டதும் அப்பளம் மாதிரி உடைந்தது. குங்கிலியத்தை ஐந்துக்கு ஒன்றாகக் குறைத்து, பஞ்சுக்குப் பதில் மல் துணியை ஒற்றை மடிப்பாக வைத்தேன். நடு நரம்பில் மெல்லிய தாமிரக் கம்பி. நன்றாக வந்தது. மொட்டை மாடியில் நிழலில் இரண்டு வாரம் வைத்திருந்தேன், தொய்யவில்லை. பெட்டியை மேற்கு ஜன்னலிலிருந்து நகர்த்தவும் கேட்டுக்கொண்டேன். எந்த மெழுகானாலும் நேர் வெயிலில் வைத்தால் தாங்காது.

வண்டல் அச்சு: நரம்பு பிரமாதமாகப் பதிந்தது. ஆனால் ஒரு அச்சில் ஓர் இலைதான், எடுக்கும்போது மண் பெயர்ந்துவிடுகிறது. பூச்சி கடித்த இலை, பாதி அழுகிய இலை என்று ஒரே ஒரு பிரதி போதுமென்றால் வண்டல். இருபது இலை வேண்டுமென்றால் பிளாஸ்டர்.

ஜூலை 15

நாகப்பட்டினம் வாசகர் ஒருவர்: "ரோட்டோரம் அடிபட்டுச் செத்த தாழைக்கோழி கிடந்தது. நாமே பாடம் செய்து பழகலாமா?"

கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி செத்துக் கிடந்த காட்டுயிரும் அரசின் சொத்து. எடுத்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்ல வேண்டும். உரிமம் இல்லாமல் பாடம் செய்வது குற்றம். நான் தொடுவதெல்லாம் ஏற்கெனவே கல்லூரியில் இருக்கும் பழைய மாதிரிகளை மட்டும்தான்.

அதோடு இதையும் எல்லோரும் படியுங்கள். பழைய பாடப் பறவைகளின் தோலில் ஆர்சனிக் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் ஆர்சனிக் சோப்பு பூசினார்கள். கையுறை, முகமூடி இல்லாமல் தொடாதீர்கள், தூசியை வாயால் ஊதாதீர்கள், அந்த மேஜையில் டீ குடிக்காதீர்கள். நான் முதல் வருடம் வெறுங்கையால் தூக்கியிருக்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை.

ஆடிப்பெருக்கு அன்று

படித்துறையில் கூட்டம். காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் நூல். எனக்கு மட்டும் கண் படிக்கட்டோரத் தண்ணீரிலேயே இருந்தது. புதுத் தண்ணீர் செம்மண் கலங்கலாக வரும்போது உள்ளே இருக்கும் செடி விரல்கடை ஆழத்துக்குமேல் தெரிவதில்லை. குளத்துக்குப் பாய்ந்து சில நாள் தெளிந்த பிறகுதான் தண்டெல்லாம் தெரியும். பெட்டிக்குள் நாம் வைக்கும் தண்ணீர் எந்த நாள் தண்ணீர்? ஆகஸ்ட் என்று அட்டை சொல்கிறது. பாய்ந்து தெளிந்த தண்ணீர் என்று முடிவு செய்தேன். நல்ல தெளிவில் ஒரு துளி தேயிலைச் சாயம்.

ஆகஸ்ட் 10

தண்ணீர் பற்றி.

எபாக்சி ரெசின் (இரண்டு திரவத்தைக் கலந்து ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் பிசின்) ஊற்றினால் தண்ணீர் மாதிரியே இருக்கும் என்பார்கள். இருக்கும். ஆனால் மூன்று தொல்லைகள் எனக்கு வந்தன. மொத்தமாக ஊற்றினால் உள்ளே சூடேறிக் கொதித்து விரிசல் விடும். ஒரு பெட்டி எனக்கு அப்படியே போயிற்று. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக, படிப்படியாக ஊற்ற வேண்டும். இரண்டாவது, ரெசின் தண்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். காய்ந்த பிறகு ஒவ்வொரு தண்டுக்கும் கண்ணாடி வளையல் போட்ட மாதிரி பளபளவென்று ஒரு பட்டை நிற்கும். அதை மங்கல் வார்னிஷ் தொட்டுத்தான் மறைக்கலாம். மூன்றாவது, அது வெளிச்சத்தை வளைக்கும் அளவு தண்ணீரைவிட அதிகம். எட்டு சென்டிமீட்டர் தண்ணீர் மேலிருந்து பார்த்தால் ஆறாகத் தெரியும். ரெசினில் அதே ஆறு தெரிய ஒன்பது ஊற்ற வேண்டும்.

இப்போது பெரிய பெட்டிக்கு நான் பழைய வழிக்கே திரும்பிவிட்டேன். நீர்மட்டத்தில் ஒரு அக்ரிலிக் தகடு, கீழே வெறும் காற்று. தண்டைத் தகட்டில் வெட்டி, மேல்பாதியை மேலேயும் கீழ்பாதியைக் கீழேயும் ஒட்டுவது. கெட்டுப்போனால் கழற்றிச் சரிசெய்யலாம், ரெசினில் அது முடியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள். தகட்டுக்குக் கீழே தண்ணீர் இல்லாததால் தண்டு உடைந்த மாதிரி தெரியாது. கீழ்பாதியின் சாய்வை நாமே கொஞ்சம் மாற்றி ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டிய அன்று தகடு தண்ணீராகிவிட்டது. நான் பத்து நிமிடம் சும்மா நின்று பார்த்தேன்.

அல்லித் தண்டை விறைப்பாக நட்டுவைக்காதீர்கள். குளத்தில் தண்ணீர் ஏறினால் இலையும் ஏற வேண்டும் என்பதற்காகச் செடி தண்டைத் தேவைக்குமேல் நீளமாக வைத்திருக்கும். அது தளர்ந்து, வளைந்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும்.

ஆகஸ்ட் 11

பூசணிக்கொடி டிசைன் போட்ட நைலான் துணியை அல்லி இலையாக வெட்டலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம்.

செப்டம்பர் 2

கோரை, சம்பு இரண்டையும் செய்யத் தேவையில்லை. சதைப்பற்றும் நீரும் நிறைந்த செடிதான் காய்ந்தால் உருக்குலையும். கோரை, புல், சம்பு எல்லாம் காய்ந்தாலும் உருவம் நிற்கும், நிறம் மட்டும் போகும். நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்து, பச்சை ஏற்றினால் சரி. கோரைத் தண்டு மூன்று பட்டை என்பதால் வண்ணத்திலும் ஒரு பட்டை வெளிச்சம், ஒன்று நிழல் என்று வர வேண்டும்.

சம்புக் கதிரை இளசாக வெட்டுங்கள், வெட்டியதும் வார்னிஷ் அடியுங்கள். முற்றிய கதிர் ஒன்றை நான் வைத்ததில் ஒரு நாள் இரவில் வெடித்து, பெட்டி முழுக்கப் பஞ்சு. மறுநாள் மாணவர்கள் பனி பெய்திருக்கிறது என்றார்கள்.

காய்ந்த செடி எதுவாக இருந்தாலும் பெட்டிக்குள் போகுமுன் இறுக்கமான பையில் கட்டி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள். செடியோடு வரும் வண்டு பறவையின் இறகைத் தின்றுவிடும். அழகான ஒரு முக்குளிப்பானின் கழுத்து இப்படித்தான் போயிற்று. கோரைக் கட்டில் ஒளிந்து வந்த வண்டு. என் கவனக்குறைவு அது, இன்றும் மனசு கேட்கவில்லை.

செப்டம்பர் 20

நிறம். ஒரு புட்டிப் பச்சையில் எல்லா இலையையும் முடிக்காதீர்கள். ஒரு குளத்தை ஒரு மணி நேரம் பார்த்து, ஒவ்வோர் இலைக்கும் வயசு எழுதினேன். இப்போதுதான் விரிந்தது செம்பு நிறம். நடுவயசு பச்சை. கிழடு மஞ்சள், ஓரத்தில் பழுப்பு. அழுகியது கறுப்பாகி நரம்பு மட்டும் வலை மாதிரி நிற்கிறது. வண்டு தின்ற ஓட்டை, நத்தை முட்டை, காய்ந்த சேற்றுக் கோடு. முதலில் நான் செய்ததெல்லாம் நடுவயசு இலைகள் மட்டுமே. இருபது இலையில் ஐந்தையாவது கெடுத்து வையுங்கள். அந்த ஐந்துதான் மற்ற பதினைந்தையும் நம்பவைக்கும்.

தாமரை இலையின் சாம்பல் பூப்புக்கு ஒரு வழி: கடைசி மங்கல் பூச்சு ஒட்டும் பதத்தில் இருக்கும்போது முகப்பவுடரைத் துணியில் கட்டி லேசாகத் தட்டுங்கள்.

அக்டோபர் 26

அடைமழை. சின்னப் பெட்டிக்கு ஊற்றிய ரெசின் மேலே பால் படிந்த மாதிரி பிசுபிசுப்பு. ஈரக் காற்றில் எபாக்சி இறுகினால் இப்படித்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி ஒரு பூச்சு. ஐப்பசி, கார்த்திகையில் ரெசின் வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். அப்போது இலைக்கு வண்ணம் தீட்டுங்கள், கோரை கட்டுங்கள்.

நவம்பர் 8

வெங்காயத்தாமரை வைக்கலாமா என்று இரண்டு வாரமாக வாதம் நடக்கிறது. ஒருவர், "இன்றைக்கு டெல்டாவில் அது இல்லாத வாய்க்கால் உண்டா? உள்ளதைக் காட்டுங்கள்" என்கிறார். இன்னொருவர், தென்னமெரிக்காவிலிருந்து வந்து வாய்க்காலை அடைத்த செடிக்கு அருங்காட்சியகத்தில் இடம் எதற்கு என்கிறார்.

நான் முதலில் வைப்பதாகத்தான் இருந்தேன். ஊதிய காம்பை எபாக்சி மாவில் பிடித்து, வேருக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிய தென்னை நார் கட்டி, நாலு செடி தயாராகவே இருந்தது. போன வாரம் 1958ஆம் வருட அட்டையைச் சுத்தம் செய்யக் கழற்றினேன். பின்பக்கம் பென்சிலில், மங்கலாக, "அல்லி, கொட்டி, வேலம்பாசி" என்று எழுதியிருந்தது. எழுதியவர் யாரென்று தெரியாது. பறவையை எடுத்த அன்று குளத்தில் என்ன இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு செடியைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. வெங்காயத்தாமரை நாலும் வேறு பெட்டிக்கு, மடையான் கொக்குக்குக் கீழே போகட்டும். அது இந்தக் காலத்துப் பறவை, இந்தக் காலத்து வாய்க்கால்.

கொட்டி இலை நீள்வட்டம், நீளவாட்டில் நரம்பு ஓடும், தண்ணீரில் படிந்து மிதக்கும். மெல்லிய பிவிசி தாளைச் சூடாக்கி அச்சில் அழுத்தினாலே போதும். வேலம்பாசிக்குத்தான் பொறுமை வேண்டும். கணுவுக்குக் கணு வட்டமாகச் சின்னச் சின்ன இலை. மீன்வலை நூலில் முடிச்சுப் போட்டு, பச்சைப் படலத்தாளைச் சீப்பு மாதிரி நறுக்கிச் சுற்றினேன். ஒரு முழத்துக்கு ஒரு சாயங்காலம்.

டிசம்பர் 18

பூ. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

என் அம்மா வீட்டில் மார்கழி பிறந்தால் நெட்டி மாலை வேலை. குளத்தில் வளரும் நெட்டிச் செடியின் தண்டைக் காயவைத்து, தோலைச் சீவினால் உள்ளே பால் வெள்ளையாகத் தக்கை. அதைச் சுருள் சுருளாகச் சீவி, சாயம் தோய்த்து, மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுவார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பெரிய கோயில் மாதிரியெல்லாம் அதில் செய்கிறார்கள். இலைக்கு நெட்டி சரிப்படாது, மடக்கினால் முறியும். ஆனால் அல்லி இதழுக்கு அதைப்போல ஒன்று கிடையாது. ஈரத்துணியில் சற்று நேரம் சுற்றி வைத்தால் வளையும், வளைத்த வடிவத்திலேயே காயும். அந்த வெள்ளைக்கு மேல் வண்ணமே வேண்டாம். ரெசின் பக்கத்தில் வைப்பதாக இருந்தால் அரக்கு வார்னிஷ் பூசி விடுங்கள், இல்லையென்றால் உறிஞ்சிக் கறுத்துப்போகும்.

அம்மாவுக்கு இப்போது கை நடுங்கும். ஆனாலும் கத்தியைப் பிடித்தால் சுருள் அறுபடாமல் வருகிறது. மூன்று பூவுக்கான இதழை அவர்தான் சீவிக் கொடுத்தார். குளத்தில் விளைந்த செடி மறுபடியும் குளத்துப் பூவாகிறது என்று சொன்னேன். "மாடு தின்னாம இருந்தா சரி" என்றார். எங்கள் வீட்டில் பாதி மாலை ஒவ்வொரு வருடமும் கழுத்திலேறுமுன் மாட்டின் வாய்க்குள் போய்விடும்.

டிசம்பர் 20

படம் போட்டிருந்தேன். கும்பகோணம் வாசகர் ஒருவர் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "உச்சி வெயிலில் வெள்ளை அல்லி விரிந்திருக்குமா?"

விரிந்திருக்காது. இரவில் மலர்ந்து, காலை வெயில் ஏறியதும் கூம்பிவிடும். பாட்டிகூடச் சொல்லியிருக்கிறாள். எட்டு மாதமாகக் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் பெட்டிக்குள் நடுமத்தியான வெளிச்சத்தைப் போட்டு, அடியில் மூன்று பூவை மலர்த்தி வைத்திருக்கிறேன்.

இரண்டு வழிதான். பூவைக் கூம்ப வைக்க வேண்டும், அல்லது பெட்டிக்குள் நேரத்தை மாற்ற வேண்டும்.

டிசம்பர் 29

நேரத்தை மாற்றினேன். மேலிருந்த விளக்கைக் கழற்றி, கிழக்கு மூலையில் தாழ்வாக ஒரு மஞ்சள் எல்இடி. இலையெல்லாம் நீள நிழல் போடுகிறது. மூன்று பூவில் ஒன்றின் வெளி இதழை மட்டும் ஈரத்துணி வைத்து இளக்கி, பாதி மூட வைத்தேன். ஆறரை, ஏழு மணிக் குளம். கும்பகோணத்துக்காரருக்கு என் நன்றி. அவர் கேட்டிராவிட்டால் அந்தத் தப்பு இன்னும் அறுபது வருடம் அங்கேயே இருந்திருக்கும்.

ஜனவரி 12

கடைசியாகப் பறவை நிற்கும் இலை. இதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன்.

இலைக்கோழியின் விரல் அவ்வளவு நீளமாக இருப்பது எடையைப் பரப்புவதற்குத்தான். இருந்தாலும் இலை கொஞ்சம் அமுங்கும். முன்விளிம்பு நீர்மட்டத்துக்குக் கீழே போய், ஒரு மெல்லிய தண்ணீர் இலை மேல் ஏறும். தட்டையான இலையில் நிறுத்தினால் பறவை காற்றில் தொங்குவது மாதிரி இருக்கும். பறவையின் பழைய காலை இலையில் வைத்து அழுத்தவும் முடியாது, முறிந்துவிடும். விரல்களைத் தாளில் வரைந்து, அதே நீளத்துக்குக் கம்பியில் போலிக் கால் செய்து, வெந்நீர்த் துணியால் மெழுகிலையை இளக்கி, அந்தக் கம்பிக்காலை அழுத்தித் தடம் பதித்தேன். முன்விளிம்பை ஒரு நூல் அளவு தாழ்த்தி, அதன் மேல் சில துளி ரெசின் விட்டேன். பிறகு கையுறை போட்டு, பறவையை எடுத்து அந்தத் தடத்தில் இறக்கினேன். ஒவ்வொரு விரலும் அதனதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

ஜனவரி 19

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தது. காலையில் பெருக்க வரும் அம்மாள் பெட்டி முன் நின்று, "ஏன் சார், எலை ஓரத்துல தண்ணி ஏறியிருக்கே, பெட்டி ஒழுகுதா?" என்று கேட்டார்.

மடையான் பெட்டியை நாளை திறக்கிறேன். வெங்காயத்தாமரை வேருக்குத் தென்னை நாரைவிட நல்லது யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். அசல் வேர் இறகு மாதிரி கிளைத்து, ஊதா கலந்த கறுப்பாக இருக்கும். நார் அதற்கு முரடாகத் தெரிகிறது.